தீத்தாவின் குளிசைகள்

எங்கள் வீட்டில் யாருக்காவது தலையிடி என்றால் முதலில் பதறுவது நான்தான். இது என் பிறவிக் குணம். அப்பா வேலையால் வரக் கொஞ்சம் பிந்தினால் யன்னலடியில் போய் நிற்பேன். அம்மா இருமினால் குசினி வாசலில் போய் நிற்பேன். "இது பிள்ளையில்லை, வீட்டுக்குக் காவல் போட்டிருக்கு" என்று அப்பா வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு மேல் அறைக்குத் தீத்தா குடிவந்த பிறகு நான் காவல் காக்கவேண்டிய ஆட்களில் இன்னும் ஒருவர் கூடிப்போனார்.

தீத்தா என்பது அவருடைய பெயர் இல்லை. பிலிப்பைன்ஸில் சின்னம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மாதா கோயில் ஞாயிறு பூசையில் மன்னார் ஆட்கள் நாங்கள் ஒரு பக்கமும் பிலிப்பினோக்கள் மற்றப் பக்கமும் இருப்போம். பூசை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் அம்மாவும் அவரும் சிநேகிதமானார்கள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை என்பதால் ஒருவர் விட்ட பிழையை மற்றவர் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சிநேகிதம் ஒரு வருடத்துக்குள் மேல் அறைவரை வந்து சேர்ந்தது.

தீத்தாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கேயிருக்கிற கிழவர்களைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்துவது, பிரஷர் பார்ப்பது, குளிசை கொடுப்பது எல்லாம் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் இருப்பார். என்ன செய்கிறது என்று கேட்டால் உடனே முகமெல்லாம் சிரிப்பாக, "ஓகே, ஓகே, ஒன்றுமில்லை" என்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை. தலையிடிக்கிற ஆள் எதற்குச் சிரிக்கவேண்டும்?

அந்தத் தலையிடிக்கு அவர்கள் ஊரில் ஒரு பெயர் இருந்தது. பஸ்மா. வேலை செய்து சூடேறிய உடம்போடு பச்சைத்தண்ணீரில் கை கழுவினால் அந்தச் சூடும் குளிரும் முட்டுப்பட்டு நரம்புக்குள் போய்விடுமாம். அதனால்தான் கை நடுங்குகிறதாம், தலை இடிக்கிறதாம். இதைக் கேட்டதும் அம்மாவுக்குப் பரம திருப்தி. வெயிலால் வந்தவுடன் தலை முழுகக்கூடாது என்று எங்கள் ஆட்களும் சொல்வதுதானே. இரண்டு தீவு நாடுகளின் வைத்தியமும் எங்கள் குசினியில் கை குலுக்கிக்கொண்டன. அம்மா கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுக்க, தீத்தா அம்மாவின் மனம் நோகக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.

ஒருநாள் காலையில் தீத்தாவின் மூக்கால் இரத்தம் ஓடியது. முகம் கழுவுகிற வெள்ளைத் தொட்டி சிவந்துபோனதை நான்தான் முதலில் கண்டேன். நான் போட்ட சத்தத்தில் அப்பா சவர நுரையோடு ஓடிவந்தார். அதற்குப் பிறகு அம்மா கொத்தமல்லியை நம்பவில்லை. தீத்தாவின் கையைப் பிடித்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவுக்கு விளங்காத ஆங்கிலத்தை விளங்கப்படுத்த என்று நானும் போனேன்.

பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டொக்டர் ஒரு வகைக் குளிசை எழுதினார். அடுத்த முறை போனபோதும் குறையவில்லை. "ஒவ்வொரு நாளும் போடுகிறீர்களா?" என்று டொக்டர் கேட்டார். தீத்தா பூசையில் இருப்பதுபோல முதுகை நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்து, அதே சிரிப்போடு, "ஓம் டொக்டர், ஒவ்வொரு நாளும்" என்று சொன்னார். டொக்டருக்கு இல்லை என்று சொல்வது அவருக்குச் பூசை வைக்கிற சாமியாரை எதிர்த்துக் கதைப்பது மாதிரி. அம்மாவும் பக்கத்திலிருந்து ஓம், ஓம் என்று தலையாட்டினா. டொக்டர் இரண்டாவது வகையைச் சேர்த்தார். அதற்கும் குறையாமல்போக மூன்றாவதையும் சேர்த்தார்.

இப்போது பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பிலிப்பினோக்கள் ஊருக்குப் பெட்டி அனுப்புவார்கள். சின்னப் பெட்டி இல்லை, நான் உள்ளே இறங்கி நின்றால் தலை மட்டும் தெரிகிற கடதாசிப் பெட்டி. அது வீட்டுக்குள் வாசலடி நடைபாதை மூலையில் மாதக்கணக்காக நின்றது. சம்பளம் வரவர அதற்குள் சாமான் விழும். தகரத்தில் அடைத்த இறைச்சி, சவர்க்காரம், பற்பசை, துவாய், சொக்லேட், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சப்பாத்து. நிறைந்ததும் ஒரு வான்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார், பிறகு அது கப்பலில் போகும். சனிக்கிழமை பின்னேரங்களில் பெட்டி அடுக்குவதற்கு நான்தான் தீத்தாவின் கையாள். இடைவெளி ஒன்றும் விடக்கூடாது என்பது சட்டம். சப்பாத்துக்குள் சவர்க்காரம் போகும். சொக்ஸுக்குள் குளிசை போகும்.

குளிசை மட்டைகளை அவர் சின்ன மருந்துப் பெட்டிகளிலிருந்து எடுத்து, சொக்ஸுக்குள் தள்ளி, உருண்டையாகச் சுருட்டித் தருவார். நான் துவாய்களுக்கு நடுவில் வைப்பேன். யாருக்கு என்று கேட்டேன். ஆத்தேக்கு என்றார். ஆத்தே என்றால் அக்கா. எனக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. என் அம்மாவும் மன்னாருக்குப் போகிற ஆட்களிடம் பனடோல் கொடுத்துவிடுகிறவதான். லண்டன் குளிசைக்கு ஊரில் தனி மதிப்பு. சவர்க்காரம் மாதிரி இதையும் கடையில் வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆத்தேயை எனக்கு நன்றாகத் தெரியும். தீத்தா போனை அரிசி டின்னில் சாத்திவைத்து முகம் பார்த்துக் கதைக்கும்போது நானும் கையசைப்பேன். தீத்தாவின் பிள்ளைகளை வளர்ப்பது அவதான். ஒருமுறை பிரஷர் கூடி விழுந்து, வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. அதனால் கதைக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வா. அங்கே அவவுக்கு எழுதிக்கொடுத்த குளிசை விலை கூடியபடியால் ஒரு மாதம் வாங்கினால் அடுத்த மாதம் வாங்க ஏலாதாம். இதைத் தீத்தா அம்மாவிடம் சொன்னபோது அம்மா உச்சுக்கொட்டினா. யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மூன்று வகைக் குளிசைக்குப் பிறகும் பிரஷர் இறங்காததால் டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்து இருந்துகொண்டு மெதுவாகக் கதைத்தார். இப்படியே போனால் ஒருநாள் மூளையில் நரம்பு வெடிக்கலாம், கை கால் விழலாம் என்றார். அம்மாவுக்கு அதை நான்தான் தமிழில் சொன்னேன். அன்றிலிருந்து இரவில் மேல் அறையில் சத்தம் கேட்கிறதா என்று படுக்கையில் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

அம்மா பயப்படுகிற ஆள் இல்லை, முடிவெடுக்கிற ஆள். அப்பாவும் பிரஷர்காரர்தான். அவர் ஏமாற்றாமலிருக்க அம்மா குளிசையைத் தேநீரோடு கொண்டுவந்து, விழுங்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பா. பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வா. இனிமேல் தீத்தாவும் தனக்கு முன்னால்தான் போடவேண்டும் என்று அம்மா அறிவித்துவிட்டா. தீத்தாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்தார். வீட்டுக்காரி அன்பாகக் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஓகே என்றார்.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. எங்களைப்போலவே அவர்களுக்கும் அன்று உபவாசம். தீத்தா வெறும் தேநீர் மட்டும் குடித்தார். அம்மா மூன்று குளிசையையும் தட்டத்தில் வரிசையாக வைத்தா. தீத்தா ஒவ்வொன்றாக விழுங்கினார், வாயையும் திறந்து காட்டினார். அம்மா வெற்றியோடு என்னைப் பார்த்தா. எனக்கும் பெரிய நிம்மதி. இனி நரம்பு வெடிக்காது என்று நினைத்தேன்.

மத்தியானம் சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட்டோம். தீத்தா நடைபாதையில் குனிந்து சப்பாத்துக் கட்டினார். நிமிர்ந்தார். அவருடைய முகம் பிட்டு மா மாதிரி வெளுத்தது. நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் அப்படியே சரிந்து பெட்டியில் மோதி விழுந்தார். பெட்டி இல்லாவிட்டால் தலை சுவரில் அடிபட்டிருக்கும். அம்மா மாதாவே, மாதாவே என்று அவருடைய கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தா. அப்பா அம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் தீத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது. செத்துப்போனார் என்றே நினைத்தேன்.

பச்சை உடுப்புப் போட்ட அம்புலன்ஸ்காரர் பிரஷர் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. எப்போதும் ஏறித்தானே இருக்கும் என்று அப்பா குழம்பினார். எல்லாக் குளிசையும் ஒழுங்காகப் போடுகிறவரா என்று அம்புலன்ஸ்காரர் கேட்டார். ஒவ்வொரு நாளும் என்று அம்மா அடித்துச் சொன்னா. எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எங்கே வைத்திருக்கிறார் என்று அடுத்த கேள்வி. அது எனக்குத் தெரிந்த கேள்வி. வகுப்பில் கையுயர்த்துவதுபோல முன்னுக்கு வந்து, பெட்டிக்குள்ளே சொக்ஸுக்குள் நிறைய இருக்கிறது, எல்லாம் ஆத்தேக்கு என்று சொன்னேன்.

தீத்தா அப்போது கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோன பிறகு அடுத்த நாள் வரப்போகிற வான்காரருக்காக ஒட்டிவைத்திருந்த பெட்டியின் டேப்பை அப்பா பாண் வெட்டுகிற கத்தியால் வெட்டினார். அம்மா துவாய்களுக்குள் கையை விட்டு ஒவ்வொரு சொக்ஸாக எடுத்து உதறினா. குசினி மேசையில் குளிசை மட்டைகள் குவிந்தன. மூன்று வகையும் இருந்தன.

"அப்ப இந்த மனுசி இவ்வளவு நாளும் ஒண்டும் போடேல்லை" என்றார் அப்பா. "போடாத குளிசை வேலை செய்யேல்லை எண்டு டொக்டர் கூட்டிக்கூட்டி எழுத, நீர் அவ்வளவத்தையும் ஒரேயடியா, வெறும் வயித்திலை…"

அம்மா கதிரையில் இருந்துவிட்டா. "நான் வாயைத் திறந்தும் பாத்தனானே" என்று மட்டும் சொன்னா.

நாங்கள் பெட்டியைத் திரும்ப ஒட்டினோம். மட்டைகள் எங்கள் அலுமாரியில் ஏறின. அடுத்த நாள் வான்காரர் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல செய்தி வந்தது. தீத்தா எழும்பி இருக்கிறாராம். மருந்தைச் சரியான அளவில் முதலிலிருந்து தொடங்குகிறார்களாம். பின்னேரம் பார்க்கப் போகலாம்.

போக வெளிக்கிடும்போது, விழுந்த இடத்திலேயே விட்டுப்போன தீத்தாவின் போன் அடித்தது. ஆத்தே. அம்மா போனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நீ கதை பிள்ளை, எனக்கு ஏலாது" என்று குசினிக்குள் போய்விட்டா.

நான் முகம் பார்த்து ஆங்கிலத்தில் கதைத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். தீத்தா விழுந்ததை, இப்போது சுகமாக இருப்பதை, பெட்டி போய்விட்டதை, குளிசைகளை மட்டும் எடுத்துவைத்துவிட்டதை, அவை தீத்தாவின் குளிசைகளாம் என்பதை. ஆத்தே முழுவதையும் கேட்டா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, நல்லது, நல்லது, அவளே போடட்டும் என்றா. தனக்கு இப்போது ஒன்றுமில்லை, குளிசையே தேவையில்லை, நல்ல சுகம் என்று தங்கச்சிக்குச் சொல்லச் சொன்னா. கண்கள் மினுங்கின. வாய் கைக்குப் பின்னால் இருந்தபடியால் சிரிக்கிறா என்று நினைத்தேன்.

பஸ் முழுக்க அந்தச் செய்தியைப் பத்திரமாக வைத்திருந்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை. பயத்தையே கொண்டு திரிகிற எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல செய்தி கிடைத்திருந்தது, அதை நானே கொடுக்கவேண்டும்.

தீத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் ஊசி ஏற்றியிருந்தது. டொக்டர்மார் ஏசினார்களாம், அதைச் சொல்லிச் சிரித்தார். அம்மா அவருடைய காலடியில் இருந்து அழ, அம்மாவைத் தேற்றினார். என்னிடமும் கோபம் இல்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். அதுதான் சமயம் என்று நான் சொன்னேன்.

"ஆத்தே கதைச்சவ. அவவுக்கு ஒண்டுமில்லையாம், குளிசையே தேவையில்லையாம். நல்ல சுகமாம்."

விழுந்தபோதும், அம்புலன்ஸில் ஏற்றியபோதும் அழாத தீத்தா, போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழத் தொடங்கினார். பக்கத்துக் கட்டில்காரி எழும்பிப் பார்க்குமளவுக்கு அழுதார். செய்தியைச் சரியாகச் சொல்லவில்லையோ என்று பயந்து, நல்ல சுகமாம், நல்ல சுகமாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.