ஐம்பதில் போன கல்யாண பஸ்

எழுபதுகளில் திருப்பத்தூரில் பஸ் ஓட்டினேன். பஸ்ஸின் முதுகில் 'வேகம் 50 கி.மீ.' என்று பெயின்டில் எழுதியிருக்கும். பின்னால் வருகிறவன் படிப்பான், ஓட்டுகிறவன் எங்கே படிப்பது? அதனால் மீட்டருக்குப் பக்கத்தில் நானே அதை இன்னொரு முறை எழுதி வைத்தேன். மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். அறுபதுகளில் ஒருநாள் முன்னால் போன பஸ்ஸை முந்தப் போய், வண்டியை வயலில் இறக்கி, ஓர் அம்மாளின் காலை முறித்தவன் நான்.

ஒரு திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைக் கொத்தமங்கலத்துக்கு ஏற்றிப்போனேன். பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். ஏழு மணிக்கே நான் தயார். அவர்கள் தலைவாரி, பூ வைத்து வெளியே வரும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பஸ்ஸின் படியை மறித்துக்கொண்டு நின்றார். ஒன்பது அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

நகர்ந்ததும் அவரே என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன டிரைவர், உருட்டிக்கிட்டுப் போறீக? முகூர்த்தம் தப்பிப் போகும்யா!"

"ராகு காலத்துக்கு ஒன்றரை மணி நேரம் குடுத்தீகள்ல? எனக்குப் பத்து நிமிசம் குடுங்க."

பஸ்ஸே என்னைத் திட்டியது. மாப்பிள்ளையின் அம்மா அழவே தொடங்கிவிட்டார். எனக்கும் பயம்தான். முகூர்த்தம் தவறினால் அந்தப் பழி என் தலையில்தான் விழும். ஆனாலும் முள் ஐம்பதைத் தாண்டவில்லை.

நாச்சியாபுரம் தாண்டி ஒரு வளைவு. திரும்பினால், அச்சு முறிந்த வைக்கோல் வண்டி ரோட்டை அடைத்துக் கிடக்கிறது. வண்டிக்காரரும் அவர் மனைவியும் சக்கரத்தடியில் குனிந்திருக்கிறார்கள். பிரேக்கை ஏறி மிதித்தேன். ஒரு கை தூரத்தில் பஸ் நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

மாப்பிள்ளைதான் முதலில் இறங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி வைக்கோல் வண்டியை ஓரமாகத் தள்ளினார். தாய்மாமன் அடுத்த சக்கரத்தைப் பிடித்தார்.

பத்தேகாலுக்குக் கொட்டுமேளம் முழங்கத் தாலி ஏறியது. நானே கட்டியதுபோல் நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

திரும்பும்போது பெண்ணும் ஏறினாள். தாய்மாமன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நாப்பதுலயே போங்க டிரைவர்" என்றார்.

"சும்மா இருங்க. காலையிலயும் உங்க பேச்சைக் கேக்கல, இப்பவும் கேக்க மாட்டேன்" என்று ஐம்பதிலேயே ஓட்டினேன்.