விழுப்புரம் ஸ்டூடியோவில் டிஸ்ப்ளே வராத நாள்

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்திய காலத்தில் நான் அதிகம் கேட்ட புகார் "டிஸ்ப்ளே வரல" என்பதுதான். பெரும்பாலும் சின்ன வேலை. ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டால் சரியாகிவிடும். அப்படி நினைத்துக் கிளம்பிப் போய், கை வைக்கவே பயந்த ஒரு மெஷினைப் பற்றி, இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மாசி மாதம், முகூர்த்தங்கள் நெருக்கமாக வந்த ஒரு வாரம். புதன்கிழமை என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன், அது தவறு. வியாழன்தான். விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் குமரேசன் காலையிலேயே போன் செய்தார்.

"அண்ணா, புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கருப்பாவே கீது. பழைய கார்டையே திருப்பிப் போட்டேன், அதுக்கும் வரல. ஜல்தி வாங்கண்ணா, பெரிய பேஜாரா பூடுச்சு."

பழைய கார்டுக்கும் வரவில்லை என்றதும், மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தபோது, அந்த போர்டு எங்கே கிடைக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அமுதா கேட்டது

ஸ்டூடியோவில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. கெடாரைச் சேர்ந்த அமுதா. தை மாதம் அவள் கல்யாணத்தைக் குமரேசன்தான் வீடியோ எடுத்தார். அதன் பிறகு சில வாரங்களில் அவள் அப்பா மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், சுருண்டு விழுந்து இறந்துபோனார். நான் போன நாளுக்கு மறுநாள் கருமாதி.

"போட்டோ நெறைய கீதுங்க," என்றாள். "அப்பா பேசறதுதான் ஒண்ணுமில்ல. போன் பண்ணா 'ஆங், சொல்லு'ன்னு கேட்டுட்டு வெச்சிடுவாரு. அத யாரு ரெக்கார்டு பண்ணி வெப்பாங்க? அம்மா ஒரே ஒரு தடவ அவரு குரல கேக்கணும்னு சொல்லிக்கினு, சோறு துன்னாம கெடக்குது. கல்யாண வீடியோல பேசியிருப்பாரில்ல?"

அந்த வீடியோ அந்த ஒரு மெஷினில் மட்டும்தான் இருந்தது. கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டார்கள். வேறு டிஸ்க்கில் காப்பி எடுப்பதை, சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள்.

"டிஸ்க்கைக் கழட்டி வேற சிஸ்டத்துல போட்டுப் பாத்துடலாமே," என்றேன்.

குமரேசன் தலையைச் சொறிந்தார். "ரெண்டு டிஸ்க்க ஒண்ணா சேத்து வெச்சிக்கிறேன்ணா. ஸ்பீடு வரும்னு சொன்னாங்க."

அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பும் துண்டுதுண்டாகி இரண்டு டிஸ்க்கிலும் மாறிமாறிக் கிடக்கும். அவற்றை ஒன்றாகப் படிக்கும் விதம், மெஷின் கிளம்பும்போது போர்டு முதலில் பார்க்கும் பயாஸ் செட்டிங்கில் இருக்கிறது; அது அழிந்தால் இரண்டும் தனித்தனியாகிவிடும். டிஸ்ப்ளே வராத மெஷினில் எல்லோரும் முதலில் செய்வது, பயாஸ் பேட்டரியைக் கழற்றி அந்த செட்டிங்கை அழிப்பது. குமரேசன் ஸ்க்ரூடிரைவரோடு அதற்குத்தான் குனிந்தார்.

"அதத் தொடாதப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் அமுதா எழுந்து நின்றுவிட்டாள்.

வாசனை

மானிட்டர் கேபிள், கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., ரேம் என்று வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. கடைசியில் பழைய கார்டைப் பிடுங்கினேன். விரலில் சந்தன வாசனை அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கார்டு செருகும் ஸ்லாட்டுக்குள் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அப்பியிருந்தது.

"கார்டுக்குப் பூஜை போட்டீங்களா?"

குமரேசனின் மனைவி செல்விதான் பதில் சொன்னார். "புதுப் பொருள் வந்தா பொட்டு வெக்காம இருப்பாங்களாண்ணா? மேல பூரா ஃபேனா இருந்துச்சு. கீழ தங்கம் மாதிரி பட்டை பட்டையா மின்னிச்சு. அதுதான் முக்கியமான எடம்னு அங்க வெச்சேன்."

அது முக்கியமான இடம்தான். கார்டு போர்டோடு பேசுவதே அந்தப் பட்டைகள் வழியாகத்தான். ஈரச் சந்தனம் புதுக் கார்டிலிருந்து ஸ்லாட்டுக்குப் போயிருக்கிறது. ஸ்லாட்டிலிருந்து பழைய கார்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

"நெத்தியில வெக்க வேண்டியத வாயில அப்பிக்கிற!" என்று குமரேசன் மனைவி மேல் பாய்ந்தார். செல்வியின் முகம் செத்துவிட்டது.

"அக்காவ திட்டாதீங்க," என்றாள் அமுதா. "எங்க அப்பா புது மோட்டாருக்கே பொட்டு வெச்சவரு. ஸ்விட்சு மேல."

ஐ.பி.ஏ. என்கிற ஆல்கஹால் திரவத்தில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்து ஸ்லாட்டைத் துடைத்தேன். பஞ்சு போடவில்லை, இழை சிக்கிக்கொள்ளும். சந்தனம் கரைந்து வரவரக் காகிதத்தில் ஒற்றி எடுத்தேன். பழைய கார்டின் பட்டைகளையும் துடைத்தேன். நன்றாகக் காயும்வரை சுவிட்ச் பக்கம் யாரையும் விடவில்லை. ஷார்ட்டாகி போர்டு உண்மையிலேயே போயிருந்தால் அந்த இரண்டு டிஸ்க்கையும் சேர்த்துப் படிப்பது பெரும்பாடு. அமுதாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஆன் செய்தோம். ஃபேன் சுற்றியது. திரை கருப்பாகவே நின்றது. பிறகு எழுத்து வந்தது. இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகவே தெரிந்தன.

பந்தி

முதலில் எல்லாவற்றையும் என் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகுதான் வீடியோவைத் திறக்க விட்டேன். தாரை வார்க்கும்போது அமுதாவின் அப்பா பேசவில்லை. நாதஸ்வரம்தான் கேட்டது. மேடையில் கைகூப்பி நின்றார், பேசவில்லை. அமுதா திரைக்கு வெகு அருகில் வந்துவிட்டாள்.

குமரேசன் ஓட்டிக்கொண்டே போய்ப் பந்தியில் நிறுத்தினார். தோளில் துண்டோடு அமுதாவின் அப்பா பரிமாறுகிறவரை அதட்டிக்கொண்டிருந்தார்: "டேய், கடசீல குந்திக்கினு கீறாரே, அவருக்கு அப்பளம் வெக்கல பாரு. யாரும் கேட்டு வாங்கித் துன்ற மாதிரி வெக்காத!"

"இந்த எடத்த வெட்டணும்னு குறிச்சி வெச்சிருந்தேன்," என்றார் குமரேசன் மெதுவாக. "சண்ட போடற மாதிரி இருக்குதேன்னு."

அமுதா அழவில்லை. "இன்னொரு தடவ போடுங்க," என்றாள். போட்டார். "இது போதும். இத மட்டும் அம்மாவுக்குக் குடுங்க."

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். கெடார் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். செல்வி தெருமுனை வரை கூடப் போனார்.

போர்டை மாற்றுவது, செட்டிங்கை அழிப்பது எல்லாம் நமக்குக் கைவந்த வேலை. அதனாலேயே சட்டென்று செய்துவிடுகிறோம். மூடியைத் திறக்குமுன் உள்ளே யாருடையது என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. அமுதா அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் தெரிந்துகொண்டேன். எல்லாக் கடையிலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.