லைல் வாங்காத கார் சீட்

லைல் ஹோகன் எங்கள் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவன். டுலூத் நகரத்தின் மேட்டுத் தெருக்களில் பனி உறைந்து கிடக்கிற நாளிலும் நான் ஐம்பது பிள்ளைகளோடு பேருந்தை ஓட்டிக்கொண்டு தைரியமாக இறங்குகிறேன் என்றால், அவன் கையை நம்பித்தான். எதையும் நாலு தடவை பார்க்காமல் விடமாட்டான். பேருந்துக்கு அது நல்ல குணம். அப்பா ஆகப்போகிறவனுக்கு அது தொல்லை என்று போன குளிர்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவன் மனைவி கிரெட்டாவுக்கு அது முதல் குழந்தை. இந்த ஊர் வழக்கப்படி, பிறக்கப்போகிற பிள்ளைக்கு வேண்டியதையெல்லாம் கடையின் இணையதளத்தில் பரிசுப் பட்டியலாகப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றை வாங்கினால், அதன் எதிரே ‘வாங்கியாச்சு’ என்று விழும். யார் வாங்கினார்கள் என்பது, பிரசவத்துக்கு முன்னால் பரிசு கொடுக்கிற விருந்தன்று தெரிந்தால் போதும் என்று கிரெட்டா பெயர்களை மறைத்து வைத்திருந்தாள்.

பட்டியல் நூற்று நாற்பதைத் தாண்டியது. சாப்பாட்டு வேளையில் லைல் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பான்.

“மார்வா, துடைக்கிற துணியைச் சூடாக்க ஒரு பெட்டி இருக்காம். வேணுமா, வேண்டாமா?”

“மின்னசோட்டாவுல பொறக்கப்போற புள்ளைடா. கொஞ்சம் குளிரும் பழகட்டும்.”

அவன் சிரிக்கவில்லை. அதையும் சேர்த்தான். பச்சைக் குழந்தையைக் காரில் வார்போட்டு உட்காரவைக்கிற கார் சீட்டுக்கு வந்தபோது ஆள் அப்படியே நின்றுவிட்டான். நாற்பத்தொரு வகை. ஒன்றின் வார் சரியில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள், இன்னொன்றின் கொக்கி. மாமியார் முந்திக்கொண்டு எதையாவது வாங்கிவிடப் போகிறாளே என்று ஒன்றைப் பட்டியலில் போட்டு, தானே ‘வாங்கியாச்சு’ என்று குறித்துவைத்தான். நல்லதாகத் தேர்ந்தெடுத்து மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே கிரெட்டா பார்த்திருக்கிறாள். “யாரோ பெரிய மனசு பண்ணி கார் சீட்டை வாங்கிட்டாங்க,” என்று அவள் சொன்னபோது, இவன் வாயைத் திறக்கவில்லை. தேவாலயக் கூடத்தில் விருந்து நடந்தது. பெட்டிகளைப் பிரித்து முடித்தபோது சீட் இல்லை. “பெரிய பெட்டி, வீட்டுக்கே கொண்டுவருவாங்களா இருக்கும்,” என்றாள் கிரெட்டா. அப்போதும் இவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஐந்து வாரம் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்துவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு விடுகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நர்ஸ் உள்ளே வந்தாள்.

“சீட்டைக் கொண்டாங்க. குறைமாசக் குழந்தை. ஒன்றரை மணி நேரம் அதுல உக்கார வச்சு மூச்சு சீரா வருதான்னு பாத்தாத்தான் அனுப்புவோம். நாலு மணிக்குள்ள ஆரம்பிக்கணும், இல்லேன்னா நாளைக்குத்தான்.”

கிரெட்டா என்னைப் பார்த்தாள். “நீங்கதானே வாங்கினீங்க?”

“நான் டயபர்தான்மா வாங்கினேன்.”

அவள் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள், இல்லை. அத்தையைக் கூப்பிட்டாள், இல்லை. மூன்றாவது எண்ணை அழுத்தும்போது ஜன்னலோரம் நின்ற லைல், “விட்டுடு,” என்றான். “யாரும் வாங்கல. நான்தான் அப்படிக் குறிச்சேன்.”

கிரெட்டா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஒரு மாசத்துக்கு மேல சும்மா இருந்தியா?”

“எல்லாத்துலயும் ஏதோ ஒரு குறை இருந்துச்சு, கிரெட்டா.”

“குறையில்லாத சீட் வர்ற வரைக்கும் இவ இங்கேயே கிடக்கணுமா?”

அவனை ஏற்றிக்கொண்டு நான்தான் கடைக்கு வண்டியை ஓட்டினேன். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. பனிப்புயல் வருகிறதென்று கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று இருபது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்று, “நீங்க சொல்லுங்க, மார்வா,” என்றான்.

“மாட்டேன். நாளைக்கு ஏதாவதுன்னா என்னைக் கைகாட்டுவே.”

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். கடைசியில் சாம்பல் நிறச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். எதனால் அது என்று நான் கேட்கவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது.

நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது குழந்தையை அதில் வைத்தார்கள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. நர்ஸ் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். திரையில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று, திரும்பத் தொண்ணூற்றைந்து. தொண்ணூறுக்குக் கீழே போனால் அனுப்பமாட்டார்கள். தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியபோது லைல் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஐந்தரைக்கு நர்ஸ் ஒயர்களைக் கழற்றினாள். “கூட்டிட்டுப் போங்க.”

லைல் குழந்தையைச் சீட்டோடு தூக்கினான். கிரெட்டா கோட்டை மாட்டிக்கொண்டே அவன் பக்கத்தில் வந்தாள்.

“இனிமே பயமா இருந்தா என்கிட்ட வந்து பயமா இருக்குன்னு சொல்லு. வாங்கியாச்சுன்னு சொல்லாதே.”

“இப்பவே பயமாதான் இருக்கு.”

“எனக்கும்தான். நட.”