வெயிலில் வைத்த குப்பி

அந்தக் குப்பியை வெயிலில் வைத்தது நீங்கள்தான். என் வேலை தோற்றது என்று அறிக்கை எழுதியதும் நீங்கள்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. நீங்கள் வேதியியல் துறைத் தலைவர். நான் உங்களுக்குக் கீழே ஆய்வு செய்த ஆசிரியை. மருத்துவமனையில் ரத்தம் ஓடுகிற பிளாஸ்டிக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். உறைவதைத் தடுக்கிற ஹெப்பாரின் மருந்தைக் குழாயின் உட்சுவரிலேயே நிரந்தரமாகப் பிடிக்கவைப்பதுதான் என் வேலை. வெளிச்சம் பட்டதும் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும் ஒரு ரசாயனத்தை மருந்தோடு இணைத்திருந்தேன். இருட்டில் குழாயில் பூச வேண்டும். பிறகுதான் புறஊதா விளக்கில் காட்ட வேண்டும். முந்தி வெளிச்சம் பட்டால் அது தண்ணீரைப் பற்றிக்கொண்டு வீணாகிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

விளக்குப் பெட்டியைப் பேட்டையில் ஒரு பட்டறையில் தகரத்தில் செய்யக் கொடுத்தேன்.

"என்ன டீச்சர், பொட்டிக்குள்ள லைட்டப் போட்டு கோழிக்குஞ்சா பொரிக்கப் போறீய?" என்றார் பட்டறைக்காரர்.

"ரத்தம் உறையாத குழாய் செய்யுதேன், அண்ணாச்சி. வெளிச்சம் கண்ட நேரத்துல படக் கூடாது."

"அப்படிச் சொல்லுங்க. ஒரு பொட்டு ஓட்டை இல்லாம அடைச்சுத் தாரேன்."

சொன்னபடி செய்தார். அவருக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை.

ஒரு மார்கழிக் காலை. நான் வகுப்பில் இருந்தேன். அந்த மருந்தைக் கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த குப்பி உங்களுக்குக் கலங்கலாகத் தெரிந்திருக்கிறது. வீட்டில் உறைந்த தேங்காயெண்ணெய்க்குச் செய்வதையே அதற்கும் செய்தீர்கள். சுற்றியிருந்த கறுப்புத் தாளை உருவிவிட்டு ஜன்னலில் வைத்தீர்கள். நான் வந்து பார்த்தபோது வெளிர்மஞ்சள் பழுப்பாகியிருந்தது.

"கலங்கிக் கெடந்துதும்மா. வெயில்ல வச்சேன், பைய தெளிஞ்சிட்டு."

"சார், அதுல வெளிச்சமே படக் கூடாது!"

"வெயிலும் வெளிச்சந்தானம்மா? ஒனக்கு வேண்டியதும் அதுதான?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அதையே பூசச் சொன்னீர்கள். பூசினேன். சோதிக்க ஊற்றிய ஆட்டு ரத்தம் குழாய்க்குள் உறைந்து நின்றது. 'ஒளியால் மருந்து ஒட்டாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். வெயிலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

நான் விடவில்லை. புதிதாகக் கலந்து, குப்பியைப் பூட்டி வைத்தேன். பூசி, பேட்டைப் பெட்டிக்குள் காட்டி, ஒட்டாத மருந்தெல்லாம் போகத் திரும்பத் திரும்பக் கழுவிய குழாய்களோடு கசாப்புக் கடைக்கே போனேன். வெறுங்குழாயில் பிடித்த ரத்தம் கட்டியாகிவிட்டது. என் குழாயைச் சாய்த்தேன், ஓடியது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சாயுங்க, பாப்போம்" என்றார். சாய்த்தேன். மறுபடியும் ஓடியது.

நோயாளியிடம் போய்ச் சேர இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி. செய்ய என் மாணவி ஒருத்தி தயாராக இருக்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி. உங்கள் அறிக்கையின் அந்த ஒரு வரியைக் காட்டித்தான் ஆய்வுக் குழு அவளுக்கு அனுமதி மறுக்கிறது.

அடுத்த துறைக் கூட்டத்தில் அவளும் உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அந்தக் குப்பியை வெயிலில் வைத்தது யார்?