முகமூடியைக் கழற்றிய மூன்று நிமிடம்

மத்திய ஜாவாவின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் வியார்த்திக்கு, நோயாளிகளின் வீட்டாரைக் கண்டாலே இளக்காரம். அதை அவள் மறைத்ததுமில்லை.

அன்று காலை, ஓய்வுபெற்ற வட்டார அதிகாரி சுத்ரிஸ்னோவை மூச்சுத்திணறலோடு கொண்டுவந்தார்கள். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. முதுகு முழுக்க நாணயத்தால் தேய்த்த சிவப்புக் கோடுகள். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டதென்று முடிவுகட்டி, அதை வெளியேற்றும் அந்த ஊர் நாட்டு வைத்தியமாக அவர் மனைவி இரண்டு நாள் தேய்த்திருந்தார். நாணயம் தேயாமல் தப்பியதே பெரிது.

வியார்த்தி மருந்தை ஏற்றிவிட்டு, காற்றை அழுத்தித் தரும் முகமூடியை அவர் முகத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"என்ன சிஸ்டர் இது? உள்ள காத்து போனதுதான் இவருக்கு நோவே. நீ இன்னும் ஊதி ஏத்துறியே!" என்று பதறினார் மனைவி.

"உள்ள இருக்கிறது தண்ணி, இபு," என்றாள் வியார்த்தி; அந்த ஊரில் 'அம்மா' என்பதற்கு அதுதான் சொல். "காத்து அழுத்தினாத்தான் அது பின்வாங்கும். கழட்டினீங்கன்னா மனுஷன் கட்டில்லயே மூழ்கிடுவார்."

அவள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும், அம்மையார் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினார். மூன்றே நிமிடத்தில் கணவரின் உதடு நீலம் பாரித்தது. வியார்த்தி ஓடிவருவதற்குள், வாழ்நாளில் மனைவி சொல்லை மீறியிராத அந்த அதிகாரி, முகமூடியைத் தாமே பிடுங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார்.

அவள் பட்டையை இறுக்கிவிட்டுப் பதிவேட்டில் எழுதினாள்: "10.20, மனைவி கழற்றினார். 10.23, நோயாளியே மாட்டிக்கொண்டார்."

மறுநாள் மூச்சு சீரானது. பார்க்க வந்தவர்களிடம் அம்மையார் பெருமையடித்தார்: "கடைசியா ஒரு தேய் தேய்ச்சேன் பாருங்க, காத்தெல்லாம் வெளிய போயிடுச்சு!"

"அது சரி, இபு," என்றாள் வியார்த்தி. "உங்க கைக்குப் பயந்துதான் மனுஷன் ஒழுங்கா மூச்சு விட ஆரம்பிச்சார்."

சுத்ரிஸ்னோ சிரிப்பை அடக்கியபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.