பக்கத்து வீடு

நாத்தனாருக்காகச் சண்டைக்குப் போகும் அண்ணியை நீங்கள் பார்த்ததில்லை என்றால், எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாருங்கள். முன்னால் உட்கார்ந்து கண் பரிசோதிப்பது நான். பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள் என் கணவரின் தங்கை. இருபது வயது. பதினான்கிலிருந்து வில் பிடிக்கிறாள்.

போன வருடத் தேர்வுப் போட்டியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆளுக்கு எழுபத்திரண்டு அம்பு. முதல் நான்கு பேருக்கு அணியில் இடம். எழுபத்தோராவது அம்பு வரை அவள்தான் மூன்றாவது. கடைசி அம்பு இடப்பக்கம் ஓடி, அடுத்த பெண்ணின் இலக்கில் போய்க் குத்தி நின்றது. அப்படிக் குத்தினால் பூஜ்யம். அவளுடைய கிளப் கோச் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, பக்கத்து வீட்டுக்கு விருந்துக்குப் போயிட்டியா?" என்றார். அன்றிலிருந்து கிளப்பில் அவள் பெயரே பக்கத்து வீடு.

ஒரு மாதம் கழித்து ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், எழுந்து வந்தாள்.

"அண்ணி, என் கண்ணக் கொஞ்சம் பாருங்க."

இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, சுவரில் இருந்த பெரிய எழுத்தை விரலால் காட்டச் சொன்னேன். இடது கண்ணை மூடினாள். விரல் எழுத்தை விட்டு விலகித் தெரிகிறது என்றாள். வலது கண்ணை மூடியபோது அசையவே இல்லை. இயல்பாக அவளுக்குக் குறி பார்க்கும் கண் இடதுதான். நாணை இழுப்பதோ வலது கையால், அதற்கு வலது கண்ணால்தான் குறி பார்க்க வேண்டும். ஆறு வருடம் இடது கண்ணை இறுக்கி மூடியே காலம் தள்ளியிருக்கிறாள். அன்றைக்குக் கடைசி அம்பில், களைப்பில் அது திறந்துகொள்ள, குறி இடப்பக்கம் ஓடிவிட்டது.

தினம் முப்பது பேர் கண்ணைப் பார்க்கிறேன், வீட்டுப் பெண்ணின் கண்ணைப் பார்க்கவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாளே கோச்சிடம் போனோம்.

"கை மாத்தப் போறேன் சார்."

"விளையாடுறியா? தேர்வுக்குப் பத்து மாசம்தான் இருக்கு. இடது கண்ணுக்கு மறைப்பு போட்டுக்க, போதும்."

"பாதிக் கண்ணோட ஆறு வருஷம் ஆடியாச்சு. இனிமே முழுசா ஆடணும்."

"அப்ப உங்க அண்ணி கடையிலயே அம்பு விடு. என் கிளப்ல இடமில்ல."

விட்டோம். வேறு ஊரில் ஆட்டத்தை நிறுத்திவிட்ட ஒருத்தியிடம் இடதுகை வில் இரவல் கிடைத்தது. கடை திறக்கும் முன் பின்னறையில், லென்ஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஐந்தடி தூரத்து வைக்கோல் கட்டின் மீது எய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் முழுத் தூரத்துக்கும் எய்து பழகினாள். நாண் அடித்து வலது முன்கை கன்றிப்போனது. இடது விரல்களில் தோல் உரிய, அதே விரல்களால் லென்ஸ் பிடித்தாள்.

என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "பீச்சாங்கையால யாராவது குறி வைப்பாங்களாடி?"

"என் கண்ணு அந்தப் பக்கம்தானம்மா இருக்கு!"

தேர்வுப் படிவத்தில் கிளப் பெயர் கட்டாயம். தனியாக வருகிறவர்கள் ஏதாவது ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமாம். அவள் என்னமோ எழுதிவிட்டு, எனக்குக் காட்டாமல் மடித்துக்கொண்டாள்.

போட்டியில் ஆரம்பத்தில் தடுமாறினாள். பிறகு மெல்ல மேலே ஏறி வந்தாள். கடைசி அம்பில் ஒன்பது எடுத்தால் நான்காவது இடம். எட்டு என்றால் வீட்டுக்கு. நாணை இழுத்தாள். பின்னாலிருந்து கோச்சின் குரல்: "பக்கத்து வீட்டுக்காரங்க ஜாக்கிரதை!" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் வில்லை இறக்கிவிட்டாள். கடிகாரத்தில் பத்து விநாடிதான் மிச்சம். எழுந்து போய் அவர் சட்டையைப் பிடிக்கலாமா என்று எனக்கு வந்தது.

அவள் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து, மறுபடி இழுத்து விட்டாள்.

தொலைநோக்கியில் பார்த்த கோச், "எட்டு" என்றார். இலக்கருகே அவள் பக்கத்தில் நிற்க, நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் உள்வட்டத்துப் புள்ளி, அதாவது ஒன்பது. குனிந்தவர் நிமிரவே இல்லை. கடைசியில் ஒருவழியாக நிமிர்ந்து ஏதோ சொன்னார். அவள் என் பக்கம் திரும்பி, ஒன்பது விரல்களைத் தூக்கிக் காட்டினாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் நான்காவதாக அவள் பெயர் வந்தது. அறிவிப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டு, "கிளப்... பக்கத்து வீடு" என்றார்.

மைதானம் சிரித்தது, கூடவே கை தட்டியது. கோச் வேகமாக வந்தார்.

"என்னம்மா இது, அசிங்கமா? நம்ம கிளப்புன்னு மாத்திச் சொல்லச் சொல்லட்டுமா?"

"எதுக்கு சார்? நீங்க வச்ச பேருதானே."