மூன்று தெரு தள்ளிக் கடல்

அருணாசலவடிவு வாழ்க்கைப்பட்டு வந்த தூத்துக்குடி வீட்டிலிருந்து கடல் சரியாக மூன்று தெரு. உப்புக்காற்று அந்த வீட்டுச் சன்னல் கம்பிகளைப் பதினான்கு வருடத்தில் இரண்டு தடவை அரித்துத் தின்றுவிட்டது. கருவாட்டு வாடை சொல்லாமல் கொள்ளாமல் அடுப்படி வரை வரும். புதுத் துறைமுகத்துக் கப்பல் ஊதினால் உலைமூடி அதிரும். கடல் தன்னால் வரமுடிந்த தூரமெல்லாம் வந்துவிட்டது. வடிவுதான் போகவில்லை.

ஏரலில் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள். கடலையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அறுபத்தொன்றில் கலியாணம். அந்த வருடம் முத்துக்குளிப்பு. அவள் புருசன் சிவனணைந்தபெருமாள், குளியாட்களுக்கு அரிசி பருப்பு விற்கக் கரையிலேயே பந்தல் போட்டுக் கடை விரித்திருந்தார். புதுப்பெண்டாட்டி கேட்டாள்.

"என்னையும் ஒருநா கூட்டிட்டுப் போங்களேன்."

"இப்ப ஒரே கூட்டமாக் கெடக்கு. அடுத்த குளிப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வாக்குச் சுத்தமான மனுசர். ஆனால் அதற்கப்புறம் குளிப்பே நடக்கவில்லை. சிப்பி விளைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிற படகு ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பும். அவரும் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்து, "இந்த வருசமும் முத்து இல்லையாம்ளா" என்று மெய்யாகவே வருத்தப்பட்டுச் சொல்வார். சிப்பி முத்து விளைவிக்க மறந்தால் அவர் என்ன செய்வார், பாவம்.

வீட்டு வாசலுக்குப் பூட்டு ஒன்றும் கிடையாது. தேவைப்படவில்லை. யாவாரிகள் வீட்டுப் பெண்கள் கோயில், கலியாணம், ஆஸ்பத்திரி என்ற மூன்றுக்கு மட்டும் வெளியே போவார்கள். கடல் இந்த மூன்றிலும் சேர்த்தியில்லை. பெற்ற இரண்டு பையன்களும் சாயர்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். லீவுக்கு வந்தால் பையை வைத்ததும் கடற்கரைக்குத்தான் ஓடுவார்கள். அவர்கள் ஆண்பிள்ளைகள். அவர்களுக்குச் சிப்பியின் சம்மதம் வேண்டியிருக்கவில்லை.

வடிவுக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. கடைக்குக் காகிதப் பை ஒட்டுவது. பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிக் கட்டாகக் கட்டி, கடையில் பருப்புப் புடைக்கிற செல்லத்தாய் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடுவாள். வடிவு ஏரலில் எட்டாவது வரை படித்தவள். மைதாப் பசையைக் காய்ச்சி இறக்கி, ஆறுவதற்குள் இரண்டு கதை வாசித்துவிடுவாள். வாசித்த கதை பையாகிக் கடைக்குப் போகும். ஒருத்தியின் ஏக்கத்தில் கால் கிலோ மல்லி, இன்னொருத்தியின் கண்ணீரில் நூறு கிராம் கடுகு. ஊரே அப்படித்தான் இலக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது.

பதினான்கு வருடம் வாசித்ததில் அவளுக்கு ஒரு சங்கதி பிடிபட்டது. கதையில் வருகிற பொம்பளை எல்லாரும் சன்னல் ஓரத்திலேயே நிற்கிறார்கள். வெளியே மழை பெய்யும். இல்லாவிட்டால் நிலா காயும். அவள் பெருமூச்சு விடுவாள். கடைசி வரியில் சன்னலைச் சாத்துவாள்.

"ஏட்டி செல்லத்தாயி," என்றாள் ஒருநாள். "இம்புட்டு நேரம் நிக்காளே, ஒருத்திக்காவது கால் வலிக்கின்னு எழுதுதானா பாரு."

"எழுதுதவன் சேர்ல உக்காந்துல்லா எழுதுதான்," என்றாள் செல்லத்தாய்.

எழுபத்தைந்து பிறந்தது. சர்வதேச மகளிர் ஆண்டு என்று ரேடியோ சொன்னது. ஊரிலுள்ள வாசகர் வட்டத்துக்குச் சிவனணைந்தபெருமாள்தான் தலைவர். கூட்டத்துக்குத் தன் வீட்டு முன்கூடத்தையும் காப்பியையும் கொடுப்பவர் அவர் என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டி கிடையாது. 'சிறுகதைகளில் பெண்ணின் சிறை' என்ற தலைப்பில் தலைவரே பேசுவது என்று செயலாளர் கிளாட்வின் முடிவு செய்தார். தலைவர் உள்ளே வந்தார்.

"ஏளா, பை ஒட்டுத சாக்குல எல்லாக் கதையும் நீதான் வாசிக்கியே. மூணு கதையைச் சொல்லி நல்லாக் காரமா எழுதிக் குடு."

"காரமாவா?"

"ஆமா. கண்ணுல தண்ணி வரணும்."

வடிவு எழுதிக்கொடுத்தாள். இரண்டு கதை பத்திரிகையில் வந்தவை. மூன்றாவதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்கள். மகளிர் ஆண்டுக்கு ஒரு மகளிராவது வேண்டும் என்று பள்ளிக்கூட டீச்சர் பிலோமினாவுக்கு மட்டும் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சிறைப்பட்ட பெண்களுக்கான கூட்டம் என்பதால் வடிவு அடுப்படியில் இருந்தாள். காப்பித் தூக்கோடு கதவோரம் நின்று கேட்டாள்.

தலைவர் தாளை அப்போதுதான் பிரித்தார். கடைக்காரருக்குச் சாமான் சிட்டையில் இருப்பதை உரக்க வாசித்துத்தான் பழக்கம். என்ன ஏது என்று பார்ப்பது பொட்டலம் மடிக்கிறவன் பாடு. அப்படியே வாசித்துக்கொண்டு போனார்.

"சன்னல் உள்ள வீட்டுக்குக் கதவும் உண்டு. அதை ஏன் இந்தக் கதைக்காரர்கள் யாரும் எழுதுவதில்லை?"

கைதட்டல். தலைவர் தானே யோசித்த மாதிரி தலையாட்டிக்கொண்டார். மூன்றாவது கதைக்கு வந்தார். கடலுக்கு மூன்று தெரு தள்ளி ஒருத்தி. அடுத்த குளிப்புக்குக் கூட்டிப்போகிறேன் என்ற புருசன். பதினான்கு வருடம். கிளாட்வின் சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் யாருக்கோ இருமல் வந்தது. தலைவருக்கு ஒன்றும் வரவில்லை. தாளை மடக்கிவிட்டுச் சொந்தச் சரக்கையும் சேர்த்தார்.

"இவன்லாம் மனுசனாய்யா? மூணு தெரு. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக முத்து வெளையணுமாம்லா. இவன் மூஞ்சியில முழிக்கப்பிடாது."

கதவுக்குப் பின்னால் வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள். தான் சொன்ன வாக்கே அவருக்கு ஞாபகமில்லை. பதினான்கு வருடமாக அதைக் காப்பாற்றி வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

பிலோமினா எழுந்தார். "அந்தக் கதையில, அவ கடைசியில கடலைப் பாத்தாளா அண்ணாச்சி?"

தலைவர் தாளைத் திருப்பினார். முடிவு இல்லை. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏளா வடிவு, அந்த மூணாவது கதை முடிவு என்ன?"

"இன்னும் வரலை," என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

பிலோமினா கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்க கடல் பாத்திருக்கியளாக்கா?"

"இல்லை."

சிவனணைந்தபெருமாள் தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் கிளாட்வின்தான் வட்டத்தின் மானத்தைக் காப்பாற்றினார். தலைவரின் துணைவியாருக்கு இந்த மகளிர் ஆண்டு முடிவதற்குள் கடலைக் காட்டுவது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவர், மூவர் கொண்ட குழு அமைக்க வேண்டும் என்றார். இன்னொருவர், மார்கழியில் காட்டினால் வெயில் இராது என்றார். மற்றொருவர், பழைய துறைமுகமா புதுத் துறைமுகமா என்று தெளிவுபடுத்தக் கோரினார். சத்தம் கூடியது.

வடிவு கூடத்துக்குள் வந்து காப்பித் தூக்கை மேசையில் வைத்தாள். பிலோமினாவின் அருகே குனிந்தாள்.

"டீச்சர், நீங்க எந்த வழியா வீட்டுக்குப் போவிய?"

"பீச் ரோட்டு வழியாத்தான்."

"நானும் வாரேன்."

இருவரும் கூடத்தின் நடுவே நடந்து வாசல் வழியாக வெளியே போனார்கள். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று தெரு நடக்க ஆறு நிமிடம் ஆனது. கடலில் அலையே இல்லை. குளம் மாதிரிக் கிடந்தது. நாலு தோணி நின்றது. கரையில் மீன் செதிள், எண்ணெய், ஒரு செத்த நண்டு.

"இம்புட்டுத்தானா?" என்றாள் வடிவு.

பிலோமினாவுக்குச் சங்கடமாகிவிட்டது, ஏதோ அவரே செய்துவைத்த கடல் என்பது போல. "தூத்துக்குடிக் கடல் இப்படித்தாங்கா. அமைதியா இருக்கும்."

"கதைன்னா இந்த எடத்துல நான் அழணும், டீச்சர்."

"அழுகை வருதா?"

"கால்தான் வலிக்கி. நடந்து பழக்கமில்லைல்லா." சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதை எந்தச் சன்னலும் அவளுக்குச் சொன்னதில்லை. முழங்கால் வரை போய் நின்று, பிறகு கரையோடு தோணிகள் நிற்கும் கோடி வரை நடந்துவிட்டுத்தான் திரும்பினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தபோது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருந்தது. கிளாட்வின் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் முகம் தெளிந்து வாசலுக்கே வந்தார்.

"ஏளா, உனக்கு ஒரு நல்ல சேதி."

"இருங்க," என்றாள் வடிவு. "காலெல்லாம் மணலு. கழுவிட்டு வாரேன்."